விழுந்ததை எடுத்த கை

பிரேசிலின் லொந்த்ரினா ஊருக்கு வெளியே, காப்பித் தோட்டத்தை ஒட்டித் துப்பாக்கி சுடும் போட்டி நடக்கிற மைதானத்தின் செம்மண்ணில், சார்ஜென்ட் அதல்ஜீசோவின் துப்பாக்கி அவர் காலடியிலேயே விழுகிறது. ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தபோது, மலிவாக வாங்கிய துணி உறையிலிருந்து நழுவிவிட்டது. குண்டு போடாத துப்பாக்கிதான். இருபத்திரண்டு வருஷப் போலீஸ் கை யோசிக்காமலே அதை எடுத்துவிடுகிறது. "அப்படியே நில்லுங்க!" என்கிறாள் நடுவர் ஜுல்மிரா, மற்ற நாட்களில் சந்தையில் பலகாரம் பொரிப்பவள். "விழுந்தது தப்பில்ல சார்ஜென்ட். நீங்க தொடக் கூடாது, நாங்கதான் எடுப்போம்னு காலையில படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இன்னிக்கு உங்களுக்குப் போட்டி முடிஞ்சுபோச்சு." ஒரு குண்டுகூட அவர் சுடவில்லை. பின்னால் யாரோ இருமுகிறார்கள். சிரிப்பை விழுங்குகிற இருமல். வெளியேற்றப்பட்டவர் வீட்டுக்கு ஓடிவிடாமல் மற்றவர்களுக்கு ஒத்தாசை செய்வது இங்கே வழக்கம். காலி உறை இடுப்பில் ஆட, சார்ஜென்ட் மனித உருவ இலக்கு அட்டை ஒவ்வொன்றாகப் போய், அடுத்தவர்கள் சுட்ட ஓட்டைகளின்மேல் பழுப்புக் காகிதத் துண்டுகளை ஒட்டுகிறார். வெயிலில் பசை விரலோடு இழுபடுகிறது. மனைவி தால்வினா சீஸ் ரொட்டிப் பொட்டலத்தோடு, புருஷன் போட்டியில் சுடுவதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்ட பூரிப்போடு வருகிறாள். "ஏங்க, இதுல நீங்க சுட்டது எது?" கையிலிருக்கும் தாளிலிருந்து நிமிர்ந்த ஜுல்மிரா, மறுபடி குனிந்துகொள்கிறாள். நடுநெஞ்சில் ஆறு துண்டுகள் நெருக்கமாக ஒட்டிய அட்டையின்மேல் சார்ஜென்டின் உள்ளங்கை அப்படியே நின்றுவிடுகிறது. "அம்மாடி, அத்தனையும் நடுவுலயா!" தால்வினா போனைத் தூக்கிப் பிடிக்கிறாள். "எங்க, கொஞ்சம் சிரிங்க." அவர் சிரிக்கிறார்.