இடது பக்கம்

புது ஸ்பீக்கரிலும் இடது பக்கம் அமுங்கித்தான் ஒலித்தது.

அப்படி இருக்க வழியே இல்லை.

இவை ஆக்டிவ் ஸ்பீக்கர்கள். பழைய ஏற்பாட்டில் ஆம்ப்ளிஃபயர் தனிப் பெட்டி. அதுதான் பாட்டுக்கு வலுவேற்றி இரண்டு பக்கமும் அனுப்பும். அதற்குள் ஒரு பக்கம் சோர்ந்தால் அந்தப் பக்கத்து ஸ்பீக்கரும் சேர்ந்து சோரும். இதிலோ ஒவ்வொரு ஸ்பீக்கரின் வயிற்றுக்குள்ளும் அதற்கென்று ஓர் ஆம்ப்ளிஃபயர். பழைய பெட்டியின் சீக்கு இங்கே ஒட்டவே ஒட்டாது.

அதற்காகத்தானே மாற்றினார்.

பழையது மச்சினன் தன் கையால் செய்தது. அக்காவின் கல்யாணத்துக்குக் கொடுத்தது. "இடது பக்கம் டல்லடிக்குது மாப்ள" என்று அவர் சொல்லும்போதெல்லாம் வந்து திறந்து, பற்றவைத்து, மூடிக் கொடுத்துவிட்டுப் போவான். அவனுக்கு ஒரு குறையும் கேட்காது. ஆனால் குடும்பத்தில் பாட்டுக் காது என்றால் மாமாதான். அவர் சொன்னால் சொன்னதுதான்.

கடைசியில் தன் காதையே நம்பாமல், ஆம்ப்ளிஃபயர் செய்வதையே விட்டுவிட்டான். இப்போது போன் கடையில் கவர் விற்கிறான்.

இன்று இந்த ஸ்பீக்கர்களைத் தூக்கி வைக்கவும் அவன்தான் வந்தான். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. அதுதான் அவரைக் குத்திக்கொண்டே இருந்தது.

ஒயர்களை இடம் மாற்றிப் பார்த்தார். அப்போதும் இடதுதான்.

"மாமா, இதை நான் எடுத்துட்டுப் போகவா? உதிரிக்காவது ஆகும்."

பின்னால், வாசலில், பழைய ஆம்ப்ளிஃபயரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றான் மச்சினன்.

அவர் திரும்பினார்.

இதுவரை கணீரென்று பாடிய ஸ்பீக்கர் முதுகுக்குப் பின்னால் அமுங்கிப்போனது. அமுங்கிக் கிடந்தது கணீரென்றது.

மறுபடி ஸ்பீக்கர்களைப் பார்த்து நின்றார். பழையபடி இடது அமுங்கியது.

தலையைக் கோதுவதுபோல் வலது காதைப் பொத்திப் பார்த்தார். பாட்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

"இப்பவாவது ரெண்டு பக்கமும் சமமா இருக்கா மாமா?"

காதிலிருந்து கையை எடுத்தார்.

"சமமா இருக்கு மாப்ள."

மச்சினன் வாய் நிறையச் சிரித்தான். தான் செய்த பெட்டியின் மண்டையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினான்.

"அப்ப கோளாறு இதுலதான். உங்க காது காதுதான் மாமா!"