சும்மா பேப்பருக்குத்தான்

"தலாக் சும்மா பேப்பருக்குத்தான் பரீனா. ரெண்டு கடையும் ஒரே குடும்பத்துட எண்டா வருமானத்த ஒண்டாக் கூட்டி வரி போடுவாங்க."

"பிறகு வம்பு வராதா?"

"பேப்பரக் கிழிச்சா முடிஞ்சுது, புள்ள!"

இரண்டு வருடத்துக்கு முன் பரீனாவிடம் சிரித்துக்கொண்டு சொன்னது, காத்தான்குடிப் புடவைக் கடையில் வரி அதிகாரிக்கு முன்னால் அமர்ந்திருந்த ரிஸ்கானுக்கு நினைவு வந்தது. பக்கத்தில் பரீனாவும் இருந்தாள்.

"ரெண்டு கடைக்கும் ஒரே லொறிதான் துணி இறக்குது. நீங்க இன்னும் புருஷன் பொஞ்சாதியாத்தான் இருக்கீங்க எண்டு சந்தேகப்பட்டன்," என்றார் அதிகாரி. "இவங்கட வீட்டுக்கு அயல்ல விசாரிச்சன். இவர் அந்த வாசல்ல கால் வைக்கிறதே இல்லையாம். விவாகரத்து உண்மைதான். உங்கட கணக்க ஏத்துக்கிறன்."

வென்றுவிட்டார்கள். ஆனால் ரிஸ்கான் சிரிக்கவில்லை.

விவாகரத்தைப் பதியும் காதியாரிடம் தலாக் எழுதிவிட்டுத் திரும்பிய அன்றே, பரீனா தன் சீதன வீட்டு வாசலில் அவனை மறித்திருந்தாள். "விளையாட்டுக்குச் சொன்னாலும் தலாக் தலாக்தான். உள்ள வராதீங்க."

அன்றிலிருந்து அவன் படுப்பது கடைக்குள்தான். அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று எத்தனையோ முறை வாயெடுத்தான். கேட்டால் வரிப் பொய் உடைந்துவிடும் என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டான்.

அதிகாரி எழுந்தார்.

"இரிங்க சேர். வரிக்காகத்தான் நாங்க பிரிஞ்சது. ரெண்டு கடையும் எங்கடதான். வரியையும் தண்டத்தையும் போடுங்க."

பிறகு பரீனாவின் பக்கம் திரும்பினான்.

"புள்ள, என்னைத் திரும்பவும் நிக்காஹ் முடிக்கிறியா?"