விட்ட பிடி

"வேணும்னேதான் வுட்டாக்கா. நான் கிட்ட நின்னு பாத்தேன்."

சுத்துக்கேணி டீமில் ஆளாளுக்கு இதையேதான் சொன்னார்கள். கேப்டன் புவனேஸ்வரிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

பெண்கள் கபடி ஃபைனல். இருபத்தேழுக்கு இருபத்தேழு. கடைசி ரெய்டுக்கு வந்தாள் பனித்திட்டு டீமின் அஞ்சலாட்சி. கார்னரில் நின்ற கீர்த்திகா பாய்ந்து அவளுடைய இடது காலைக் கவ்விப் பிடித்தாள். அஞ்சலாட்சி குப்புற விழுந்தாள். இன்னும் ஒரு மூச்சு நேரம் பிடித்திருந்தால் கப்பு சுத்துக்கேணிக்குத்தான்.

கீர்த்திகா கையை எடுத்துவிட்டாள்.

அஞ்சலாட்சி ஊர்ந்துபோய் நடுக்கோட்டைத் தொட்டாள். அவ்வளவுதான்.

"ஏன்டி வுட்ட?"

"கை வழுக்கிடுச்சிக்கா. வேர்வை."

"வழுக்குற கையாடி அது?"



கப்பு போனால் போகட்டும். புதுச்சேரி டீமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் அன்றைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெயித்த பக்கத்திலிருந்து மூன்று பேரை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். சேதராப்பட்டு கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே ஏழு வருஷமாக ஆடுகிறவள் புவனேஸ்வரி. வயசும் இருபத்தைந்து ஆகிவிட்டது. இனி எப்போது?

அன்றோடு கீர்த்திகாவை டீமிலிருந்து எடுத்தாள். ஒரே தெருதான். ஆனாலும் அவள் எதிரே வந்தால் வண்டியை வேறு சந்தில் திருப்பினாள்.

ஆறு வாரம் ஓடியது. மேட்சில் பிசகிய விரல் இன்னும் மடங்கவில்லை. புவனேஸ்வரி லீவு போட்டுவிட்டு வில்லியனூரில் எலும்பு டாக்டரைப் பார்க்கப் போனாள். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "எலும்பு நல்லாதாம்மா இருக்கு. பக்கத்து ரூம்ல பிசியோதெரபி. பயிற்சி சொல்லித் தருவாங்க, போ" என்றார்.

உள்ளே கட்டிலில் முட்டிக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு அஞ்சலாட்சி. அவள் காலைத் தூக்கத் தூக்க, கீழே கையை அணைவாக வைத்துக்கொண்டு யாரோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எட்டு... ஒம்போது... இன்னும் கொஞ்சூண்டு தூக்கு..."

கீர்த்திகா!

புவனேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓஹோ, இதான் சங்கதியா?"

கீர்த்திகா திடுக்கிட்டுத் திரும்பினாள். "அக்கா..."

"அக்கான்னு கூப்புடாத. எத்தினி நாளா இந்தச் சிநேகிதம்? மேட்சுக்கு முன்னாடியேவா?"



"கீர்த்தி, நீ போயி எனக்கு மாத்திரை வாங்கினு வா" என்று சீட்டைக் கொடுத்து அவளை அனுப்பிவைத்தாள் அஞ்சலாட்சி. பிறகு, "அவளத் திட்டாதக்கா" என்றாள்.

"ஏன், திட்டுனா இன்னா?"

"அன்னிக்கி அவ புடிச்சி இழுத்தப்ப என் முட்டிக்குள்ள 'டப்'புன்னுச்சிக்கா. உயிரே போயிடுச்சி. கபடி சொல்றத நிறுத்துனா அவுட்டு, அதனால கத்தக்கூட முடியல. ஆனா அது அவ கைக்குத் தெரிஞ்சிடுச்சி. ஒடனே வுட்டுட்டா."

புவனேஸ்வரியின் பார்வை முட்டி பெல்ட்டுக்குப் போனது.

"உள்ள லிகமென்ட்டு பாதி கிழிஞ்சிருக்காம். இன்னொரு இழுப்பு இழுத்திருந்தா முழுசா அறுந்திருக்கும், ஆப்ரேசன்தான்னாரு டாக்டரு. இப்ப பயிற்சியிலயே தேறிடுமாம். செலக்சன்ல என் பேருகூட வந்துது. போவ முடியல. பரவால்ல, அடுத்த வருசம் ஆடலாம்ல?"

அஞ்சலாட்சி சிரித்தாள்.

"அப்பா கடலுக்குப் போயிடுவாரு. அம்மா மீன் விக்கப் போயிடும். கூட வர ஆளில்ல. வாரா வாரம் இவதான் பஸ் ஏறி வரா."

புவனேஸ்வரியின் குரல் இறங்கியது. "இத எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல? எதுக்கு வழுக்கிடுச்சின்னு சொல்லணும்?"

"வெக்கமா இருந்திருக்கும்க்கா." அஞ்சலாட்சி தயங்கினாள். "செமிஃபைனல்லயே அந்த முட்டியில அடி. வெளிய தெரியக் கூடாதுன்னு உள்ள பேண்டேஜ் சுத்தி, ரெண்டு முட்டிக்கும் மேல கேப் போட்டிருந்தேன். எப்படியோ அத பாத்திருக்கா. 'அடிபட்ட காலுன்னு தெரிஞ்சேதான் புடிச்சேன், மன்னிச்சிடு'ன்னு மறுநாளே வூட்டுக்கு வந்து அழுதா."

புவனேஸ்வரி தன் மடங்காத விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா சும்மா வுடல. 'யாரு சொல்லிக் குடுத்து இப்டி பண்ண?'ன்னு கேட்டுச்சி. 'யாரும் சொல்லல, நானாதான் பண்ணேன்'னு அடிச்சி சொல்லிட்டா. அப்பறம் எங்கம்மாதான் அவளுக்குச் சோறு போட்டு அனுப்புச்சி."

புவனேஸ்வரி கட்டிலின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

மாத்திரைக் கவரோடு கீர்த்திகா வாசலில் வந்து நின்றாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்திருக்க வேண்டும். வேண்டாம், வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

புவனேஸ்வரி அஞ்சலாட்சியின் பக்கம் திரும்பினாள்.

"அவ பொய் சொல்லிருக்கா அஞ்சலாட்சி. மாட்டேன் மாட்டேன்னவள அதட்டி, 'அந்த எடது காலயே புடிடி'ன்னு சொன்னது நான்தான்."