முதல் சாடி

“நெசமாவே புளிச்சுப்போச்சா?”

“மெதுவாப் பேசு தாம்தா. காலைல திருட்டுத்தனமா திறந்து பாத்துட்டு, மறுபடி களிமண் பூசி மூடிட்டேன். பூண்டு ஊறப்போடலாம், குடிக்க முடியாது” என்று அண்ணன் தெமூர் என் காதில் கிசுகிசுக்கிறான்.

அவன் முதன்முறையாகத் தனியே மிதித்து, நிலவறைத் தரையில் அப்பாவின் சாடிகளுக்குப் பக்கத்தில் புதைந்திருக்கும் சாடியில் ஊற்றி மூடிய திராட்சை மது அது. தலைநகர் திபிலிசியிலிருந்து வந்த விருந்தினர்கள் மதிய உணவை முடித்துவிட்டார்கள். அடுத்து நிலவறையைப் பார்ப்பார்கள், சுவைப்பார்கள். அப்பா மது நிறைந்த கொம்புக் கிண்ணத்தை உயர்த்தி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முடியும்வரை குறுக்கே யாரும் பேசக்கூடாது. கொடிப்பந்தலின் வெயில் மேசைவிரிப்பில் நெளிகிறது. ஒரு குளவி தட்டுக்குத் தட்டு தாவுகிறது. அண்ணன் ரொட்டித் துணுக்கை உருட்டுகிறான், நசுக்குகிறான், மறுபடி உருட்டுகிறான். இறந்த முன்னோர் நினைவாக ஒரு மிடறு குடித்துவிட்டு அப்பா அவன் பக்கம் திரும்புகிறார்.

“இது என் மகனுக்கு! அவனோட முதல் சாடியை உங்க முன்னாடிதான் திறக்கப்போறேன். நான் ருசிகூடப் பாக்கல. அவன்மேல அவ்வளவு நம்பிக்கை.”

“தெமூர், மீசையே சரியா முளைக்கல, அதுக்குள்ள மதுவா?” என்று ஒருவர் சீண்ட, எல்லோரும் சிரித்துக்கொண்டே நிலவறைக்குள் இறங்குகிறார்கள். உள்ளே ஈர மண் வாசனை. அப்பா மண்டியிட்டு மூடியைச் சுற்றியுள்ள களிமண்ணைச் சுரண்டுகிறார். எல்லார் கையிலும் காலிக் கிண்ணம். அண்ணன் குனிந்து அவர் தோளைத் தொடுகிறான்.

“அப்பா, இன்னைக்கு உங்க சாடியைத் திறங்கப்பா.”