எதிரில் என்ன இருக்கிறது?

"அம்மா, நீங்க இருமக் கூடாது."

"தொண்டை கரகரங்குதுங்க மிஸ்."

"பாப்பா தப்பான கிண்ணத்துப் பக்கம் கையை நீட்டும்போது மட்டும் எப்படிங்க கரகரக்குது?"

குழந்தையின் அம்மா மாட்டிக்கொண்டவள்போல் தலை குனிந்துகொண்டாள். அவள் மடியில் உட்கார்ந்திருந்த பத்து மாதக் குழந்தை, எதுவும் தன்னைப் பற்றியது இல்லை என்பதுபோல் சட்டை நுனியை மென்றுகொண்டிருந்தது.

மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்த ஆய்வு மாணவி கிண்ணங்களை மறுபடி கவிழ்த்து வைத்தாள். எரிச்சலில் ஒன்று 'டங்'கென்று விழுந்தது.

"முதல்ல, நான் மிஸ் இல்லை. ரெண்டாவது, இது பரீட்சை இல்லை. மறைச்சு வெச்ச பொருள் எங்கே இருக்குன்னு இந்த வயசுல எவ்வளவு நேரம் ஞாபகம் இருக்குன்னு பார்க்கிறோம். எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி."

"எடுக்காட்டி எப்படிங்க சரி? போன வாரம் என் நாத்தனார் பையன் இதே நாற்காலியில உட்கார்ந்து ஒண்ணு விடாம எடுத்தானாம். அன்னையிலேர்ந்து வீட்டுல அவனுக்குப் பேரே விஞ்ஞானி. என் பொண்ணு வெறுங்கையோட திரும்பினா நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உள்ளே போறது?"

வேலை என்னவோ எளிதுதான். குழந்தை பார்க்கும்போதே ரப்பர் வாத்தை இரண்டு கிண்ணங்களில் ஒன்றுக்குள் மறைக்க வேண்டும். குட்டித் திரையை இழுத்து மூடிக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். திரையை விலக்கியதும் குழந்தை எந்தக் கிண்ணத்தை இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவே.

ஆனால் குழந்தை அம்மா மடியில்தான் உட்காரும். வம்பே அங்கேதான். முன்னால் வந்த ஒருத்தி குழந்தையின் தொடையில் கிள்ளினாள். ஒருத்தி "அந்தப் பக்கம்டா கண்ணு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, சொல்லவே இல்லை என்று சாதித்தாள். தூக்கிப் போட்ட வீடியோ பதிவுகளே ஒரு பெட்டி நிறைய இருந்தன.

காலையில் பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இன்னிக்கு வர்றதுதான் கடைசிக் குழந்தை. இதுவும் கெட்டுதுன்னா இந்த ஆய்வை உன் ஜூனியர்கிட்ட கொடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

இரண்டு வருட உழைப்பு இப்போது ஒரு இருமலில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுபடி வாத்து. மறுபடி திரை.

"முட்டி ஆடுதுங்க."

"கால் மரத்துப்போச்சு. ரத்தம் ஓட வேணாமா?"

"வலது கால்ல மட்டுமா மரத்துப்போகும்?"

பதில் வருவதற்குள் கைப்பேசி அலறியது. கணவன். "பாஸா?" என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது.

"இன்னும் இல்லைங்க. இந்த மிஸ் மூச்சு விடக்கூட விடமாட்டேங்கிறாங்க. வெச்சுடுங்க, நான் கூப்பிடுறேன்."

மாணவிக்குப் பொறுமை போய்விட்டது. கைப்பேசியை வாங்கி அணைத்து மேசைக்கு அடியில் வைத்தாள். இழுப்பறையிலிருந்து கறுப்புத் துணியை எடுத்து அந்த அம்மாவின் கண்ணை இறுக்கிக் கட்டினாள்.

"வலிக்குதுங்க!"

"கை பாப்பா இடுப்புல இருக்கட்டும். அழுத்தக் கூடாது, இழுக்கக் கூடாது, கிள்ளக் கூடாது."

"நெஞ்சு அடிச்சுக்குதே, அதை என்ன பண்றது?"

"மெதுவா அடிச்சுக்கச் சொல்லுங்க."

வாத்து. திரை. காத்திருப்பு. திரை விலகியது.

குழந்தை சரியான கிண்ணத்தை இழுத்துத் தள்ளியது. வாத்து தெரிந்ததும் கெக்கெக்கே என்று சிரித்தது.

"எடுத்தாளா? ஏதோ சத்தம் கேட்டுச்சே, எடுத்தாளா?"

"பேசாதீங்க!"

அடுத்த முறையும் சரி. கிண்ணம் மாற்றியபோதும் சரி. கடைசி வரை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மாணவி துணியை அவிழ்த்துவிட்டு, அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அத்தனையும் சரிங்க."

அந்த அம்மா குழந்தையின் கன்னம் சிவக்கும்வரை முத்தமிட்டாள். கைப்பேசியைக் கேட்டு வாங்கிக்கொண்டே வாசலுக்கு நடந்தாள். "என்னங்க, உங்க அக்காவுக்கு உடனே போன் போடுங்க. வீட்டுல இப்ப ரெண்டு விஞ்ஞானி!"

மாணவி ஓட்டமும் நடையுமாகப் பேராசிரியையின் அறைக்குப் போய்ப் பதிவை ஓடவிட்டாள்.

"இந்தத் தடவை அம்மா குறுக்கே வரவே இல்லை மேடம். இருமல் இல்லை, முட்டி இல்லை. கண்ணையே கட்டிட்டேன்."

பேராசிரியை தலையாட்டியபடி பார்த்தார். பிறகு தலையாட்டுவதை நிறுத்தினார். ஓட்டத்தைக் குறைத்து மறுபடி பார்த்தார்.

"இவ கிண்ணத்தைப் பார்க்கவே இல்லையேம்மா."

மாணவி குனிந்து பார்த்தாள். உண்மைதான். திரை விலகியதும் குழந்தை கிண்ணங்களை விட்டுவிட்டு முகத்தை நிமிர்த்தி எதிரே பார்த்தது. அதற்குப் பிறகுதான் கை நீண்டது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

பேராசிரியை போன வாரப் பையனின் பதிவைப் போட்டார். அவனும் நிமிர்ந்தான். அதற்கு முந்தின குழந்தையும்.

"எல்லாமே ஒரே இடத்தைப் பார்க்குதுங்க மேடம். எதிர்ல அப்படி என்னதான் இருக்கு?"

அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு கேமரா எடுத்த பதிவை இதுவரை யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. மாணவி அதைத் திறந்தாள்.

திரை விலகிய ஒவ்வொரு தடவையும், வாத்து இருந்த கிண்ணத்தை ஆவலோடு பார்த்துப் புருவத்தை உயர்த்திக்கொண்டிருந்தது அவளேதான்.