படலுக்கு அந்தப் பக்கம்

“பேய் இல்லம்மா அது. உங்க மூளை போடுற படம்” என்றார் டாக்டர் ஜெயசுதா.

ரெங்கம்மாள் நம்பவில்லை. விக்கிரமங்கலத்துப் பூசாரி வேப்பிலை அடித்து, முகத்தில் தண்ணீர் தெளித்து எல்லாம் பார்த்தாயிற்று. பூப்போட்ட பாவாடைக் குழந்தைகள், தலைப்பாகை கட்டிய ஆட்கள் என்று யார் யாரோ வீட்டுக்குள் நடமாடுவது நிற்கவில்லை. போன வாரத்திலிருந்து ஓர் ஆள் வாசலில் மூங்கில் படலுக்கு வெளியே நின்று கையைக் கையை ஆட்டுகிறான், உள்ளே மட்டும் வருவதில்லை என்றாள்.

பெரம்பலூரில் இருபது வருடமாக விழித்திரை பார்க்கும் டாக்டருக்கு இது புதிதல்ல. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டால் எதிரே நிற்பவரின் முகம் மறைந்துவிடும், ஓரம்தான் தெரியும். அந்த ஓட்டையை மூளை தன் இஷ்டத்துக்குப் படம் போட்டு நிரப்பும். இப்படி உருவம் பார்ப்பவர்களைப் பற்றித்தான் அவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். ரெங்கம்மாள் நாற்பதாவது ஆள். டாக்டருக்கு உள்ளூர சந்தோஷம்கூட.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒரே மகனாம். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு கோபத்தில், இந்த வீட்டு வாசல்படி மிதிக்காதே என்று அவளே கையைக் காட்டி விரட்டிவிட்டாளாம். என்றைக்காவது வந்தால் அவன் முகத்தைப் பார்க்கக் கண் வேண்டும், அதற்குத்தான் அரியலூரில் பஸ் மாறி மாதாமாதம் ஊசி போட வருகிறாளாம். டாக்டர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. கட்டுரைக்கு அது தேவைப்படாது.

“அந்த உருவங்க வாயத் திறக்காது. அடுத்த தடவ வந்தா, யாருன்னு கேளுங்க. பதில் வரலேன்னா வெறும் படம்தான். கதவச் சாத்திட்டு வேலையப் பாருங்க.”

இதையே முப்பத்தொன்பது பேருக்கும் சொல்லியிருந்தார். ஒருவருக்கும் பிசகியதில்லை.

அடுத்த மாதம் ரெங்கம்மாள் வந்தாள். படலுக்கு வெளியே நின்ற ஆள் என்ன ஆனான் என்று டாக்டர் ஆவலோடு நோட்டைத் திறந்தார்.

மூன்று நாள் வந்தானாம். மூன்று நாளும் யாரென்று கேட்டாளாம். கையை ஆட்டினானே தவிர சத்தமே இல்லையாம். டாக்டர் சொன்ன ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, வேறெதையும் யோசிக்காமல் கதவைச் சாத்தினாளாம். அப்புறம் அவன் வரவில்லை.

“ரொம்ப நல்லதும்மா” என்று டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

ரெங்கம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பக்கம் நசுங்கிய தாயத்து ஒன்றை மேசையில் வைத்தாள். நாலாம் நாள் படலில் கட்டிக் கிடந்ததாம். சின்ன வயதில் மகன் இடுப்பில் அவள் கட்டிவிட்டது, தடவியதுமே தெரிந்துவிட்டதாம்.

டாக்டரின் பேனா நின்றது. படம் தாயத்தைக் கட்டிவிட்டுப் போகாது.

“உங்க மகன்னா, அவ்வளவு கேட்டும் ஏம்மா பேசல?” என்று கோபமாகவே கேட்டார். பயத்தில் வந்த கோபம் அது.

குரல் வந்த பக்கம் ரெங்கம்மாள் முகத்தைத் திருப்பினாள்.

“பொறந்ததுலேருந்தே அவனுக்குக் காதும் கேக்காது, வாயும் பேச வராதுங்க.”