நாலே முக்கால் ரயில்

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது ஸ்டேஷனுக்கு இன்னும் பத்து நிமிட தூரம் இருந்தது.

மாப்பிள்ளை அதைக் கவனிக்காதவன் போல ஓட்டினான். பக்கத்து சீட்டில் இருந்த மாமியார் கவனித்துவிட்டார்.

“ஹீட்டரைப் போடுங்க மாப்பிள்ளை. முழுசா.”

மண்டையைப் பிளக்கும் வெயில். அவன் மறுபேச்சில்லாமல் போட்டான். எஞ்சின் சூட்டைக் காருக்குள் இழுத்துவிட்டால் எஞ்சின் கொஞ்சம் மூச்சு விடும் என்பது பழைய வண்டிக்காரர்களின் கைவைத்தியம். கண்ணாடிகளை இறக்கிவிட்டும் இருவரும் கொதிநீரில் இட்ட முட்டைபோல அவிந்தார்கள். சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ் டிரைவர், காருக்குள் இருவரும் வேர்த்து வழிவதைப் பார்த்து, இரண்டு பேருக்கும் சேர்த்துப் பரிதாபப்பட்டார்.

முள் இறங்கவில்லை. பானெட் இடுக்கில் ஆவி வந்தது. பூட்டிக் கிடந்த ஒரு டயர் கடை முன்னால் வண்டியை ஓரங்கட்டினான்.

நாலே முக்கால் ரயில். இதை விட்டால் அடுத்த டிக்கெட் இருபத்தாறு நாள் கழித்துத்தான்.

இருபத்தாறு நாள்! மூன்று வாரம் என்று வந்தவர், மூன்று மாதம் முடித்திருந்தார். இந்த மூன்று மாதமாக சோபா அவனுடையதில்லை, ரிமோட் அவனுடையதில்லை. அவனுடைய உள்ளாடைகள்கூட நிறவாரியாக அடுக்கப்பட்டுவிட்டன. குளிக்கும்போது கதவைத் தட்டி, “தண்ணி ரொம்ப நேரமா ஓடுதே” என்று விசாரிக்கப்பட்டான்.

ஒரே ஆறுதல், மனைவி அவன் கட்சி. அம்மாவும் மகளும் விடிந்ததும் ஆரம்பித்தால் பொழுது அடையும்வரை எலியும் பூனையும்தான். அவர் எப்போது கிளம்புவாரோ என்று ராத்திரி ராத்திரி அவன் காதில் முதலில் பெருமூச்சு விட்டவளே அவள்தான். டிக்கெட் போட்டதும் அவள்தான்.

அவன் பானெட்டைத் தூக்கினான். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனவனின் மணிக்கட்டில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. கொதிக்கிற ரேடியேட்டரைத் திறந்தால் முகம் வெந்துபோகும் என்று மாமியார் கண்ணாலேயே சொன்னார்.

ஆறும்வரை நின்றார்கள். அந்த நேரத்தில் அவன் எல்லாவற்றையும் பார்த்தான். ஃபேன் சரியாக இருந்தது. ஹோஸ் எங்கும் வெடிக்கவில்லை. அடியில் சொட்டு ஒழுகவில்லை. நேற்று மாலை அவனே கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, இறுக்கியதை இரண்டு முறை சரிபார்த்திருந்தான். இந்த வழியனுப்புதலில் எந்தக் குறையும் வந்துவிடக் கூடாதென்று அவ்வளவு அக்கறை.

இருபது நிமிடம் கழித்து மாமியார் பழந்துணியோடு குனிந்தார். மூடியைப் பார்த்தார். திறக்கவில்லை. சிரித்தார். மூன்று மாதத்தில் அவர் சிரித்து அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“இது உங்க மாமனார் வேலை. நான் எங்கம்மா வீட்டுக்குக் கிளம்புற அன்னிக்கெல்லாம் இந்த மூடியை இப்படித்தான் அரைத் திருகு தளர்த்தி வச்சிருவார். பார்க்க மூடின மாதிரியே இருக்கும். பாதி வழியில கொதிச்சுத் தண்ணி பூரா ஆவியாயிடும். போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வராது.”

மாமனார் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வண்டி இவர்களுக்கு வந்ததே அப்படித்தான். ஆவி என்றதும் அவன் ஒரு கணம் வேறு ஆவியை நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தது உண்மை.

“அவரு மூடியைத் திருகறப்போ டார்ச் பிடிச்சது யாருங்கிறீங்க? ஏழு வயசு. என்கிட்ட மூச்சு விடலையே, கழுதை.”

அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. காலையில் அம்மாவின் பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு வருகிறேன் என்று போன மனைவி திரும்பி வரக் கால் மணி நேரம் ஆனது. வந்து கை கழுவினாள். கழுவிக்கொண்டே அம்மாவோடு சண்டை போட்டாள்.

அவன் கட்சியாம்!

மாமியார் பிரயாணத்துக்கு எடுத்துவந்த தண்ணீரையெல்லாம் நிதானமாக ரேடியேட்டருக்குக் கொடுத்தார். மூடியை உள்ளங்கையால் அழுத்தி முழுத் திருகு திருகினார். மணி நாலு பத்து. தாராளமாகப் பிடித்துவிடலாம். அவன் ஓடிப்போய் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். எஞ்சின் இருமாமல் எழுந்தது.

மாமியார் ஏறவில்லை. பானெட்டுக்குப் பின்னால் நின்றிருந்தார். முகம் தெரியவில்லை. அந்தக் கிரீஸ் துணியால் மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

“முள் எங்க நிக்குது மாப்பிள்ளை?”

குரல் மூடியைவிடத் தளர்ந்திருந்தது.

முள் பாதிக்கும் கீழே, பிறந்த குழந்தை மாதிரி படுத்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். சோபாவை நினைத்தான். ரிமோட்டை நினைத்தான். இருபத்தாறு நாள் குளியலை நினைத்தான். வாயை மூடிக்கொண்டு ‘ஏறுங்க அத்தை’ என்றால் போதும். பாழாய்ப்போன வாய் கேட்டால்தானே.

“உச்சியில நிக்குது அத்தை. இன்னிக்கு இறங்குற மாதிரி தெரியலை.”

எதையும் மூன்று முறை சரிபார்க்கிற அந்த அம்மாள், எட்டிக்கூடப் பார்க்காமல் பானெட்டை இறக்கி மூடினார்.